பிள்ளையின் பையும் பள்ளி விதியும்

தேவகோட்டைத் தம்பிக்கு, பையனை டெக்சாஸில் ஏழாம் வகுப்பில் சேர்க்கிறீர்கள். தடைசெய்த பொருள் ஏதாவது தவறிப் பையோடு போய்விட்டால், நம்மூர் மாதிரி நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசலாம், ஆனால் பேசும் விதம் வேறு.

காரைக்குடிப் பக்கம் என்றால் தலைமையாசிரியர் அப்பாவை வரச் சொல்வார், "இனிமேல் செய்ய மாட்டான் சார்" என்போம், அத்தோடு சரி. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கவே கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. இங்கே பையில் என்ன இருந்தது என்பதுதான் முதல் கேள்வி. நிஜத் துப்பாக்கி என்றால் பொதுவாக ஓராண்டாவது வெளியே, 1994 முதல் அப்படி. நம் வீடுகளில் சிக்கல் வருவது சின்னச் சாமான்களால்தான்: தீபாவளிப் பொட்டுவெடித் துப்பாக்கி, பழம் நறுக்கும் மடக்குக் கத்தி, அப்பத்தா கொடுத்துவிடும் காய்ச்சல் மாத்திரை.

மாத்திரையை அழுத்திச் சொல்கிறேன். பாராசிட்டமால்கூடப் பிள்ளை கையில் இருக்கக் கூடாது. கடையில் வாங்கிய டப்பாவோடு, உங்கள் கையெழுத்தோடு, பள்ளி நர்ஸிடம் நீங்களே கொடுங்கள். தலைவலிக்கும் நண்பனுக்கு ஒன்று கொடுத்தாலும் பெரிய குற்றமாகிவிடும். அரிசோனாவில் 13 வயதுப் பெண்ணை இபுப்ரோஃபென் வைத்திருக்கிறாளா என்று உள்ளாடைவரை சோதித்தார்கள். அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009-இல்தான் சொன்னது. எவ்வளவு கொடுமை!

சரி, பள்ளியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் முன்னால் "ஆமாம் சார், தப்புதான்" என்று தலையாட்டுவது நம் வளர்ப்பு. இங்கே அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த நம்மூர்க் குடும்பத்தில் அப்படித்தான் ஆனது. அந்தப் பையன் பல வாரம் ஒழுங்குநடவடிக்கைப் பள்ளிக்கு, அதாவது விதி மீறிய பிள்ளைகளை அனுப்பும் தனிப் பள்ளிக்குப் போனான், இன்னும் என் மனசு ஆறவில்லை. பத்து நாளுக்குள் முடியும் இடைநீக்கம் என்றாலும், என்ன புகார், என்ன ஆதாரம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் பேச்சையும் கேட்க வேண்டும். 1975-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அது. தண்டனை முடிவாகும்போது, வேண்டுமென்றே செய்தானா, முன்பு எப்படி நடந்துகொண்டான் என்பதையும் பார்க்கச் சொல்கிறது டெக்சாஸ் சட்டம். மரியாதையாக, ஆனால் விடாமல் இதைக் கேளுங்கள், தம்பி. முடிவை எழுத்தில் வாங்குங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், பையனையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.