கறிவேப்பிலையும் கனடாக் குளிரும்: கேள்வி பதில்

செப்டம்பர் கடைசி. இரவில் குளிர் இறங்கத் தொடங்கிவிட்டது, டெக்கில் நிற்கும் சாடிகளைப் பற்றிய கவலையும் தொடங்கிவிட்டது. சாடியில் வளரும் வெப்பநாட்டுச் செடிகளைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நான் பேசுவது ரொறன்ரோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் வைத்துத்தான். எட்மன்டன், வினிப்பெக் பக்கம் இருப்பவர்கள் நான் சொல்லும் நாட்களைக் கொஞ்சம் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து: கறிவேப்பிலையை எப்போது உள்ளே எடுக்க வேண்டும், அண்ணா? ஒவ்வொரு வருடமும் உள்ளே எடுத்தால் இலை முழுக்கக் கொட்டிவிடுகிறது. போன வருடம் செடியே போய்விட்டது.

இரவு வெப்பம் தொடர்ந்து 12 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினால் எடுத்துவிட வேண்டும். இங்கே அது பெரும்பாலும் செப்டம்பர் நடுப்பகுதி. உறைபனி ஒக்டோபரில்தானே வரும் என்று காத்திருக்காதீர்கள். உறையாத குளிரிலும் வேர் வேலையை நிறுத்திவிடும்.

எடுக்கும்முன் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது செதிள் பூச்சி, நகத்தால் சுரண்டினால் வரும். செடி முழுவதையும் குழாய்த் தண்ணீரால் நன்றாக அடித்துக் கழுவி, பூச்சிக்கென்று விற்கும் சோப்புக் கரைசலை வாரம் ஒரு முறையாக இரண்டு மூன்று தடவை தெளியுங்கள். அதுவரை மற்றச் செடிகளோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

இனி இலை கொட்டுவதற்கு வருவோம். டிசம்பரில் நமக்குக் கிடைப்பது ஒன்பது மணி நேரப் பகல், அதுவும் சாய்ந்த வெயில். ஜன்னல் கண்ணாடி அதிலும் கொஞ்சத்தைக் குறைத்துவிடும். வெளியில் முழு வெயிலில் நின்ற செடிக்கு அத்தனை இலையை வைத்துக் காப்பாற்ற அந்த வெளிச்சம் போதாது, அதனால் உதிர்க்கிறது. செடி சாவதற்கு அது அடையாளம் ஆகாது. நகத்தால் தண்டைக் கொஞ்சம் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிரோடுதான் இருக்கிறது.

செடியைக் கொல்வது அதற்குப் பிறகு நாம் செய்வது. இலை விழுவதைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றுகிறோம். இலையில்லாத செடி தண்ணீரை இழுக்காது. குளிர்ந்த ஈர மண்ணில் வேர் அழுகி, பெப்ரவரியில் தண்டு கறுத்துவிடும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். இதை இன்றைக்கு இன்னும் பல முறை சொல்வேன்.

குளிர்காலத்தைக் கடக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, 18 டிகிரிக்கு மேல் உள்ள அறையில், செடிக்கு ஓர் அடி மேலே செடி வளர்ப்பதற்கென்று விற்கும் எல்இடி விளக்கு (குரோ லைட்) போட்டு, 12 முதல் 14 மணி நேரம் எரிய விடுவது. அப்படிச் செய்தால் மெதுவாகத் துளிர்த்துக்கொண்டே இருக்கும், சமையலுக்கும் கொஞ்சம் கிள்ளலாம். மற்றது, 10 முதல் 15 டிகிரி வரை உள்ள இடத்தில் ஓய்வுக்கு விட்டு, மண் முழுக்கத் தூசியாகிவிடாத அளவுக்கு எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் காட்டுவது. இரண்டையும் கலந்து, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பக்கத்தில் சூடான இருட்டு மூலையில் வைப்பதுதான் மிக மோசம். சூடு வளரச் சொல்லும், வளர வெளிச்சம் இருக்காது, சேமித்து வைத்த சக்தியைச் செடி தின்று தீர்த்துவிடும். எந்த வழியில் போனாலும் ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை பசளை (உரம்) வேண்டாம்.

மொன்றியலிலிருந்து: கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றச் சொல்லி அம்மா சொல்கிறா. வீட்டுக்குள் ஊற்றலாமா?

கோடையில், வெளியில், நிறையத் தண்ணீர் கலந்து எப்போதாவது ஊற்றலாம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வேண்டாம்.

பிரம்ரனிலிருந்து: முருங்கை இங்கே காய்க்குமா?

இலைக்கென்று வளர்த்தால் சந்தோஷமாக இருப்பீர்கள். காய் பிடிக்க நீண்ட சூடான காலம் வேண்டும், அது நமக்கு இல்லை. மார்ச்சில் உள்ளே விதை போட்டு ஜூன் தொடக்கத்தில் வெளியே வைத்தால் கோடை முடிவதற்குள் ஆளுயரம் வந்துவிடும். முருங்கைக்குக் கிழங்கு போன்ற வேர், தண்ணீரைத் தன்னிடமே வைத்திருக்கும். அதனால் இலையுதிர் காலத்தில் ஓர் அடி விட்டு வெட்டிவிட்டு, 10 டிகிரி அளவில் இருட்டான பேஸ்மென்ட் மூலையில், அநேகமாகத் தண்ணீரே இல்லாமல் வைக்கலாம். ஏப்ரலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அடியிலிருந்து துளிர்க்கும்.

ஏஜாக்ஸிலிருந்து: மோர் வேண்டாமென்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். எங்கள் பாட்டி, பூட்டி காலத்திலிருந்து ஊற்றுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாததா?

அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, ஐயா. விளக்கமாகச் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கற்பாறை. கிணற்று நீரிலும் சுண்ணாம்பு. கறிவேப்பிலை கொஞ்சம் புளிப்பான மண்ணை விரும்பும் செடி. மண்ணில் காரம் ஏறினால், இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடைப்பகுதி மஞ்சளாகவும் இளம் இலைகள் வரும். அந்த மண்ணில் புளித்த மோரை ஊற்றினால் அதன் அமிலம் வேர்ப்பகுதியின் காரத்தைக் கொஞ்சம் தணிக்கும். மோரில் உள்ள புரதத்தைச் சூடான மண்ணில் நுண்ணுயிர்கள் உடைத்துத் தழைச்சத்தாக மாற்றிக் கொடுக்கும். முற்றத்து நிலத்தில், மழையும் மண்புழுவும் இருக்கும் இடத்தில், அது நல்ல வேலை.

இங்கேயும் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு உண்டு. ஒரே சாடியில் வருடக்கணக்கில் அதையே ஊற்றினால் மண் காரமாகும். ஆகவே மோருக்குப் பின்னால் இருக்கும் கவலை சரியானது. ஆனால் ஜனவரியில், மூடிய வீட்டில், 15 டிகிரி மண்ணில் நுண்ணுயிர்களும் மந்தம், வேரும் தூக்கம். மோரின் கொழுப்பும் புரதமும் மேல்மண்ணிலேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். சின்னக் கறுப்பு ஈக்கள் வந்து முட்டையிடும், அவற்றின் புழுக்கள் மெல்லிய வேரைத் தின்னும். மண்ணும் காயாது. வேர் அழுகலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மஞ்சள் இலைக்கு வசந்தத்தில் கடையில் கிடைக்கும் கரையும் இரும்புச் சத்தைக் கொடுங்கள், மண்ணைப் புதிதாக மாற்றுங்கள். குளிர்காலத்தில் உப்புப் போடாத இடத்துப் பனியை உருக்கி, அறை வெப்பத்துக்கு வந்தபின் ஊற்றலாம். அதில் சுண்ணாம்பு கிடையாது.

மார்க்கத்திலிருந்து: வாழைக்கு என்ன செய்வது? நிலத்தில் நிற்கிறது, என்னைவிட உயரம்.

எந்த வாழை என்பதைப் பொறுத்தது. மூசா பாஸ்ஜூ என்று தென் சீனாவைச் சேர்ந்த ஒரு வகை உண்டு, ஜப்பான் வாழை என்று விற்பார்கள். அதன் கிழங்கு நிலத்திலேயே பிழைக்கும். உறைபனியில் இலை கருகியதும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, ஓர் அடிக்கு மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ குவித்து மூடுங்கள். ஆனால் அதன் பழத்தைச் சாப்பிட முடியாது, அழகுக்குத்தான்.

சாப்பிடும் வாழை என்றால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். நடுக்குருத்தை விட்டு மற்ற இலைகளை வெட்டி, மண்ணை உதறி, கிழங்கைச் சாக்கில் சுற்றி, 5 முதல் 10 டிகிரிக்குள் உறையாத இடத்தில் நிறுத்துங்கள். கராஜ் வேண்டாம், ஜனவரியில் பல கராஜ்களில் பூச்சியத்துக்குக் கீழே போகும். குலை தள்ளிப் பழுக்க ஒரு வருடம் அளவில் எடுக்கும், நமது கோடை அதற்குப் போதாது.

மிசிசாகாவிலிருந்து: என் கறிவேப்பிலை இலை கொட்டுகிறது. தண்ணீர் கூட்டவா?

வேண்டாம். முதல் பதிலைப் பாருங்கள்.

எட்மன்டனிலிருந்து: நான் சென்னைக்காரன் சார். குளிர்காலம் பூரா வாரம் ஒரு டம்ளர் மோர் ஊற்றுகிறேன். செடி ஜம்மென்று இருக்கிறது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

தம்பி, உங்கள் செடி எங்கே இருக்கிறது, லைட் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. எட்மன்டனில் டிசம்பர் பகல் ஏழரை மணி நேரம்தான். ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் அது அப்படி இருக்க முடியாது. குரோ லைட்டும் நல்ல சூடும் இருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படி என்றால் செடி உண்மையில் வளர்கிறது, ஊற்றுவதை இழுக்கிறது, அதனால் மோரையும் தாங்குகிறது. அங்கே வேலை செய்வது லைட். ஒரே அளவுச் செடிகள் இரண்டை அதே லைட்டில் வைத்து, ஒன்றுக்கு மோரும் மற்றதற்கு வெறும் தண்ணீரும் ஊற்றிப் பாருங்கள்.

வோனிலிருந்து: டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். நல்ல கறிவேப்பிலைக் கன்று ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாமா? எல்லோரும் கொண்டுவருகிறார்களே.

கொண்டுவராதீர்கள். தயவுசெய்து. வெளிநாட்டு மண்ணுக்கு இங்கே தடை. செடிக்கு அனுமதியும் அந்த நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். விமான நிலையத்தில் பிடிபடுவதை விடுங்கள், எனக்குப் பெரிய பயம் வேறு. எலுமிச்சைக் குடும்பத்தை அழிக்கும் பசுமையாதல் நோயைப் பரப்பும் சின்னச் சாறுறிஞ்சிப் பூச்சிக்கு மிகப் பிடித்த செடிகளில் ஒன்று கறிவேப்பிலை. புளோரிடாவில் அந்தப் பூச்சி 1998இலும் நோய் 2005இலும் கண்டுபிடிக்கப்பட்டன. 2003–04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி தோடம்பழம் (ஆரஞ்சு) விளைந்த மாநிலத்தில் 2022–23இல் 2 கோடிக்கும் குறைவு. சூறாவளிகளும் சேர்ந்து அடித்தன என்றாலும், தோட்டங்களின் முதுகை முறித்தது அந்த நோய்தான். கன்று இங்கேயே தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது. அடியில் வரும் பக்கக் கன்றைப் பிரித்துத் தர நண்பர்கள் இருப்பார்கள்.

பிக்கரிங்கிலிருந்து: குண்டுமல்லி இலை விடுகிறது, பூ இல்லை.

வெயில் போதவில்லை. ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும், இப்போது உள்ளே அது கிடைக்காது. 15 டிகிரிக்குக் குறையாத தெற்கு ஜன்னலில் வைத்துவிட்டு, மார்ச்சில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். புதுத் துளிரில்தான் மொட்டு வரும். வசந்தத்தில் கடையில் வளையத்தில் சுற்றி விற்கும் இளஞ்சிவப்பு மொட்டு மல்லிகை வேறு இனம். அதற்கு மொட்டுக் கட்ட இலையுதிர் காலக் குளிர் வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள்.

ஸ்காபரோவிலிருந்து: பனங்கொட்டை முளைத்திருக்கிறது. சாடியில் பனை வளர்க்கலாமா?

முளை நேராகக் கீழே போய்க் கிழங்கு கட்டும், சாடி அதற்குத் தாங்காது. கிழங்கை அவித்துச் சாப்பிடுங்கள்.

ஒஷாவாவிலிருந்து: மோருக்குப் பதில் தயிர்?

அதே பதில்.

வாட்டர்லூவிலிருந்து: தக்காளியில் இலைச்சுருட்டல்...

தக்காளி என் துறை இல்லை. உங்கள் ஊர் தோட்டக்கலைச் சங்கத்தில் கேளுங்கள்.

ஒட்டாவாவிலிருந்து: மேயர் எலுமிச்சை ஜன்னலருகே நல்ல வெயிலில்தான் நிற்கிறது. பிறகு ஏன் இலை உதிர்கிறது?

நல்ல கேள்வி. சாடி குளிர்ந்த தரையில் இருக்கிறதா? இலைக்கு வெயில் சூடு, வேருக்குக் குளிர். இலை தண்ணீர் கேட்கும், குளிர்ந்த வேரால் கொடுக்க முடியாது, செடி இலையைக் கைவிடும். சாடியைப் பலகை மேலோ முக்காலி மேலோ ஏற்றுங்கள். அல்லது முழுச் செடியையும் 10 டிகிரி அளவில் குளிர்ச்சியான வெளிச்ச அறைக்கு மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சமமாகிவிடும். ஐரோப்பாவில் பழைய காலத்தில் இப்படித்தான் செய்தார்கள். வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை கட்டிய தோடை மண்டபம் தெற்கு நோக்கியது, தடித்த சுவரும் பெரிய ஜன்னல்களும் கொண்டது. பெட்டிகளில் வளரும் மரங்களை மே மாதம் வெளியே கொண்டுபோய் ஒக்டோபரில் உள்ளே எடுப்பார்கள். இன்றைக்கும் அதே வழக்கம்தான்.

பிரம்ரனிலிருந்து: இலை நுனி காய்கிறது. தினமும் ஸ்பிரே பண்ணுகிறேன்.

ஜனவரியில் வீட்டுக்குள் ஈரப்பதம் முப்பது வீதத்துக்கும் கீழே போகும். ஸ்பிரேயின் பலன் சில நிமிடம்தான். ஹீட் வரும் துளைக்குப் பக்கத்திலிருந்து சாடியைத் தள்ளி, செடிகளைக் கூட்டமாக வையுங்கள். முடிந்தால் ஈரப்பதமூட்டி வாங்குங்கள். காற்று காய்ந்தால் சிலந்திப் பேன் வரும், இலையடியைப் பாருங்கள்.

மில்டனிலிருந்து: அண்ணா, கறிவேப்பிலை மொட்டையாகிவிட்டது, நேற்றுத்தான் நிறையத் தண்ணீர் விட்டேன்...

நிறுத்துங்கள். சாடித் தட்டில் நிற்கும் தண்ணீரை இப்போதே கொட்டுங்கள். தண்டைக் கீறிப் பாருங்கள். மண் காயும்வரை தொடாதீர்கள். விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

மார்க்கத்திலிருந்து: திரும்ப எப்போது வெளியே வைப்பது?

தக்காளிக்கு மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின வார இறுதி போதும். நம் செடிகளுக்கு இரவு 10 டிகிரிக்கு மேல் நிலைக்க வேண்டும், அதாவது மே கடைசி, ஜூன் தொடக்கம். முதல் வாரம் முழு நிழல், அப்புறம் காலை வெயில், அப்புறம்தான் முழு வெயில். உள்ளே வந்த இலைக்கு வெயில் பழக்கமில்லை, ஒரே நாளில் வெளுத்துக் கருகும்.

ஏஜாக்ஸிலிருந்து: மோர் விஷயத்தில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் இன்று இரவு 6 டிகிரி என்கிறார்கள். என் செடி இன்னும் டெக்கில்தான், பூச்சி மருந்தும் அடிக்கவில்லை. என்ன செய்ய?

இன்றிரவே உள்ளே எடுங்கள், ஐயா. குளியலறையில் தனியாக வைத்து, நாளை ஷவரில் இலையின் இரண்டு பக்கமும் கழுவி, சோப்புக் கரைசலைத் தெளியுங்கள். மோரைப் பற்றி ஜூனில் பேசலாம்.