அடிவண்ணம் மறைய வேண்டியதில்லை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சிகள் வரையத் தொடங்கியிருக்கிறேன். கித்தான் முழுக்க முதலில் பழுப்பு பூசச் சொல்கிறார்கள். எப்படியும் மறைந்துபோகிற வண்ணத்துக்கு ஏன் இத்தனை பாடு? என் மரங்களின் பச்சை வேறு கண்ணைக் குத்துகிறது.

கே.

அன்புள்ள கே.,

அதை முழுக்க மறைப்பதால்தான் உங்கள் பச்சை குத்துகிறது என்று நினைக்கிறேன். செம்பழுப்பு பச்சைக்கு ஏறக்குறைய எதிர்நிறம். இலைக்கூட்டங்களுக்கு நடுவே அது அங்கங்கே தெரிந்தால் பச்சை அடங்கிவிடும். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வெளியில் அமர்ந்து தீட்டிய சிறிய எண்ணெய் ஓவியங்கள் பலவற்றில் இந்தச் செம்மை எட்டிப் பார்ப்பதைக் காணலாம்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். வெள்ளைக் கித்தானில் எந்த வண்ணத்தை வைத்தாலும் கருமையாகத்தான் தெரியும். பயந்து எல்லாவற்றையும் வெளிறடிப்போம். வெள்ளை மறைந்த பிறகு பார்த்தால் படம் சோகை பிடித்திருக்கும். நடுத்தர அடர்த்தியுள்ள, அதாவது அதிக வெளிச்சமும் அதிகக் கருமையும் இல்லாத, அடிவண்ணத்தில் வெளிச்சம் எது, நிழல் எது என்பது முதல் தீற்றலிலேயே தெரிந்துவிடும்.

பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தைக் கொஞ்சம் டர்பன்டைனில் இளக்கிப் பூசி, துணியால் ஒற்றியெடுங்கள். எண்ணெய் சேர்க்காதீர்கள், எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், கூடியது மேலே. ஈரம் காய்வதற்குள் வானத்தைத் துணியால் துடைத்து வெளிச்சமாக்குங்கள். அல்ட்ராமரைன் நீலம் கலந்த அம்பர் என்ற அடர்பழுப்பால் மரத்தொகுதிகளை வையுங்கள். இந்த இடத்தில் அவசரமே கூடாது. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: பெரும்பாலும் வானம்தான் மிக வெளிச்சம், அடுத்தது தட்டையான தரை, பிறகு சரிவான குன்று, நிமிர்ந்து நிற்கும் மரங்கள் கடைசி. கிளை, இலை, வேலி எதுவும் இப்போது வேண்டாம். மூன்று நான்கு அடர்த்திகளில் காட்சி பிடிபடாவிட்டால், மேலே எத்தனை வண்ணம் ஏற்றினாலும் அது சரியாகாது.

அடிவண்ணத்தை மிகக் கருமையாக்க வேண்டாம். எண்ணெய் வண்ணம் காலப்போக்கில் ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதால் அடியிலிருப்பது மேலே தெரியத் தொடங்கும். கருத்த தளத்தில் தீட்டிய பழைய ஓவியங்கள் பல இன்று மேலும் இருண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லோரும் இப்படித்தான் வரைந்தார்கள் என்றில்லை. கான்ஸ்டபிள் காலத்து ஆங்கில ஓவியர் டர்னர் வெள்ளைத் தளத்தை விரும்பினார். அந்த ஒளி வேண்டுமென்றால் வெள்ளையே சரி. ஆனால் அடர்த்தியைக் கணிக்கக் கண் பழகும்வரை பழுப்பை விடாதீர்கள்.

காயக் காத்திருக்கப் பொறுமையில்லை என்றால் தளத்துக்கு மட்டும் விரைவில் காயும் அக்ரிலிக் வண்ணம் பூசலாம். ஆனால் துடைத்தெடுக்கும் வசதி போய்விடும். அடுத்த படத்தை, பச்சையைத் தொடும் முன் ஒரு புகைப்படம் எடுத்து அனுப்புங்கள்.