யார் பெரிய ட்ரம்மர்? – கடிதம்

வணக்கம் ஐயா,

மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து, சாட்ஸ்வொர்த்தில் பெண் எடுத்தவன் நான். உங்கள் இசைக் கட்டுரைகளைத் தவறாமல் வாசிக்கிறேன். போன ஞாயிறு மாமனார் வீட்டில் ப்ராய், அதாவது கறியைத் தணலில் சுட்டுத் தின்னும் விருந்து. கறி வேகும் முன்பே சண்டை மூண்டுவிட்டது. என் மைத்துனர் லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் பைத்தியம்; ஜான் போன்ஹாமுக்கு மேல் ட்ரம்ஸில் ஆளே கிடையாது என்கிறார். அவருடைய சித்தப்பா மகன் ஜாஸ் கேட்பவர். பட்டி ரிச்சின் தனி வாசிப்பு ஒன்றைக் கைபேசியில் காட்டி, "ராக் ஆட்கள் பலசாலிகள், அவ்வளவுதான், வித்வான்கள் இங்கே இருக்கிறார்கள்" என்று முடித்துவிட்டார். நம் மிருதங்கத்தின் முன்னால் இவர்கள் எல்லாம் எம்மாத்திரம் என்று நான் வாயை விட்டேன். இரண்டு பக்கமும் என்மேல் பாய்ந்தார்கள். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. மைத்துனரின் பதினான்கு வயது மகள் ட்ரம்ஸ் வேண்டுமென்று அடம் பிடிக்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா?

ந.
டர்பன்

அன்புள்ள ந.,

தீர்ப்பு கேட்டீர்கள், தருகிறேன், மேல்முறையீடு கிடையாது. ராக்கில் போன்ஹாம். ஜாஸில் எல்வின் ஜோன்ஸ். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் உங்கள் வீட்டு ப்ராயில் அடிபடவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் கைபேசியில் காட்டிய அந்தத் தனி. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வாசித்து, கோர்வை வைத்து, கைதட்டல் வாங்குவது பெரிய வித்தைதான். ஆனால் அதற்கு முன்பே பக்கவாத்தியக்காரர் யார் என்பது தெரிந்துவிடும். அனுபல்லவியில் எங்கே நுழைகிறார், சங்கதி விழும்போது எங்கே கையை எடுத்துக்கொள்கிறார் என்று கவனித்தால் போதும். மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயரா, பழனி சுப்பிரமணிய பிள்ளையா என்று நம் தாத்தாமார் திண்ணையில் மல்லுக்கட்டியது தனியை மட்டும் வைத்தா? பாட்டுக்கு யார் எப்படி வாசித்தார் என்பதில்தான் பாதிச் சண்டை. ட்ரம்ஸுக்கும் எனக்கு அதே அளவுகோல்தான்.

அந்தக் கணக்கில் பட்டி ரிச் கொஞ்சம் இறங்கிவிடுகிறார். அவர் கை வேகத்தை யாரும் மறுக்க முடியாது. இசைக் குறிப்பு படிக்காமலே, காதால் கேட்டே ஒரு பெரிய பேண்டை நடத்தியவர். ஆனாலும் தனி முடிந்ததும் வேகம்தான் நினைவில் நிற்கிறது. அது எந்தப் பாட்டில் வந்தது என்பது மறந்துபோகிறது.

மைத்துனரின் சித்தப்பா மகனுக்கு நான் சிபாரிசு செய்வது டோனி வில்லியம்ஸ். பதினேழு வயதில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தவர். 1967-இல் பதிவான 'நெஃபர்டிட்டி'யைப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருக்கின்றன, பல்லவியை விட்டு நகராத பாடகர்போல. யாருக்கும் தனி வாய்ப்பு இல்லை. அடியில் டோனி ஒவ்வொரு சுற்றிலும் வேறொன்று வாசிக்கிறார்: முதலில் சிம்பல் தகட்டில் பட்டும் படாமலும், பிறகு ஸ்னேர் என்ற சிறு ட்ரம்மில் சிதறலாக, போகப்போக எல்லாமே கொதிக்கிறது. மெட்டு மாறவில்லை, ஆனால் கேட்பவருக்கு அது மாறிக்கொண்டே போகிறது. அப்போது அவருக்கு வயது 21.

மைத்துனரையும் சும்மா விடப்போவதில்லை. போன்ஹாமை 'மோபி டிக்' தனிக்காகக் கொண்டாடுபவராக இருந்தால் அவரும் பட்டி ரிச் கட்சிதான். 1971-இல் வந்த நான்காவது ஆல்பத்தில் 'வென் தி லெவி பிரேக்ஸ்' தொடங்கும் இடத்தைக் கேட்கட்டும். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் ட்ரம்ஸை வைத்து, மேலேயிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். வாசிப்பதில் கஷ்டமே இல்லை. ஓராண்டு கற்ற பையன் வாசித்துவிடுவான். ஆனால் அவன் வாசித்தால் அந்தக் கனம் வராது. ஸ்னேர் அடி விழ வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுகிறது. அந்த வீட்டின் எதிரொலிக்கும் இடம் விட்டு வாசிக்கிறார் மனிதர். இதைப் பலம் என்று ஒதுக்கினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸும் இந்த ரகம்தான்: ஸ்னேரை அடிக்கும்போது ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பலிலிருந்து கையை எடுத்துவிடுவார். அந்தச் சின்ன இடைவெளியில் பாட்டு மூச்சு விடும். வாழ்நாள் முழுக்க ஜாஸ் ரசிகராக இருந்தவர் அவர். ஜிஞ்சர் பேக்கரோ தன்னை ராக் ட்ரம்மர் என்றாலே சீறுவார். நம் தென்னாப்பிரிக்காவில் டல்பாக் என்ற ஊரில் போலோ குதிரைகளோடு சில காலம் குடியிருந்தவர்தான். இந்த ராக்–ஜாஸ் வேலி வாசிப்பவர்களைவிட ரசிகர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

எல்வின் ஜோன்ஸை ஏன் மேலே வைக்கிறேன்? சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு 1964 டிசம்பரில் பதிவான 'எ லவ் சுப்ரீம்' ஒன்று போதும். நான்கின் கணக்கான சதுஸ்ரத்துக்கு அடியில் மூன்றின் கணக்கான திஸ்ரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான்கு கைகால்களும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தாளத்தை ஒரு கையில் பிடித்துக் காட்டுவதில்லை. ஆனாலும் கோல்ட்ரேன் எவ்வளவு தூரம் போனாலும் விழமாட்டார் என்ற நம்பிக்கை நமக்கு வருகிறது.

ஜாஸ் ட்ரம்மர் மாக்ஸ் ரோச்சைச் சொல்லாமல் தென்னாப்பிரிக்காவில் இந்தப் பேச்சைப் பேசக்கூடாது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் நிறவெறிச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நியூயார்க்கில் அவர் பதிவு செய்த 'வீ இன்சிஸ்ட்' இசைத்தட்டின் கடைசிப் பகுதி 'டியர்ஸ் ஃபார் ஜோஹானஸ்பர்க்'. கண்ட நடைபோல ஐந்தைந்தாக நகர்கிறது. அங்கே அவர் வேகம் காட்டவே இல்லை.

இனி அந்த மூன்றாவது பெயர்: லூயிஸ் மோஹோலோ. 1940-இல் கேப் டவுனில் பிறந்தவர். கிறிஸ் மெக்ரிகர் என்ற வெள்ளைப் பியானோக்காரரோடு கறுப்பர்கள் சேர்ந்து வாசித்த ப்ளூ நோட்ஸ் குழுவின் ட்ரம்மர். நிறவெறிச் சட்டங்களின் கீழ் ஒரே மேடையில் நிற்பதே பிழைப்புக்கு ஆபத்து. 1964-இல் பிரான்சில் ஒரு ஜாஸ் விழாவுக்கென்று போனவர்கள் நாடு திரும்பாமல் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோக, கடைசியாக மிஞ்சியவர் இவர். 2005-இல் கேப் டவுன் திரும்பினார். 2025 ஜூனில் காலமானார். மெக்ரிகரின் பெரிய குழுவில் ஊதுகருவிகள் ஆளுக்கொரு பக்கம் கத்தும்போது, அடியில் மோஹோலோ சிம்பலைச் சீறவிட்டுக்கொண்டு முன்னால் தள்ளுவதைக் கேளுங்கள். நம் பக்கத்து ஆள் என்பதற்காகச் சலுகை கொடுக்கவில்லை; பாட்டுக்கு வாசிக்கும் கணக்கில்தான் சேர்க்கிறேன். நம் டர்பன்காரர் ரிக்கி ஃபட்டாரும் அப்படித்தான். அண்ணன்மாரோடு ஃப்ளேம்ஸ் குழுவில் சிறு பையனாகத் தொடங்கி, 1972-இல் பீச் பாய்ஸில் சேர்ந்து, பிறகு பாடகி பானி ரெய்ட்டுக்குப் பல ஆண்டுகள் வாசித்தவர். அவரைத் தெரியாமல் டர்பனில் ராக் பேசுவதா?

உங்கள் மிருதங்கக் கட்சி எனக்கும் பிடித்ததுதான். ஆனால் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடிக்க வேண்டியதில்லை. 1958-இல் டேவ் புருபெக்கின் ஜாஸ் குழு சென்னைக்கு வந்தபோது பழனி சுப்பிரமணிய பிள்ளை அவர்களோடு சேர்ந்து வாசித்தார். யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. அந்தப் புருபெக்கின் மகன் டேரியஸ்தான் 1983-இல் டர்பனுக்கு வந்து நம் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் படிப்பைத் தொடங்கினார் என்பது உங்கள் மைத்துனருக்குத் தெரியுமோ என்னவோ.

பெண்ணுக்கு வாங்கிக் கொடுங்கள். ஆனால் முழு செட் இப்போது வேண்டாம். சாட்ஸ்வொர்த்தின் பழைய நகராட்சி வீடு என்றால் பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். முதல் வாரத்திலேயே பகை வந்துவிடும். ஒரு ரப்பர் பயிற்சிப் பலகை, ஒரு ஜோடி குச்சி, காலப்பிரமாணம் காட்ட ஒரு மெட்ரோனோம். நல்ல ஆசிரியர் கிடைத்து, ஆறு மாதம் சலிக்காமல் உட்கார்ந்தால் பழைய செட் ஒன்று பாருங்கள். அப்போது பணத்தைச் சிம்பலில் போடுங்கள். மட்டமான ட்ரம்மைச் சுருதி கூட்டிச் சமாளிக்கலாம், மட்டமான சிம்பலை ஒன்றும் செய்ய முடியாது. அதுவரை அந்தப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகத்து ஜாஸ் மையத்தில் கச்சேரி நடக்கும்போது அழைத்துப்போய், ட்ரம்மரின் கால் தெரியும் பக்கமாக உட்கார வையுங்கள்.