லண்டனில் பொதுச் சொற்பொழிவுகளுக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, எம்.எஸ்சி. படிக்க லண்டன் வந்திருக்கிறீர்கள், கல்லூரிகளில் உலக அரசியல் பற்றிப் பொதுச் சொற்பொழிவுகள் நடக்கின்றனவாம், வெளியாள் போகலாமா, எழுந்து கேள்வி கேட்டால் விசாவுக்கு ஏதாவது சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே அறை வாடகை, பார்ட் டைம் வேலை, பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்றும். வாடகையும் அரிசியும் ஈஸ்ட்ஹாமில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நம் ஆட்களில் அதிகம் பேர் இல்லை, அதனால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

போங்கள், கட்டாயம் போங்கள். உங்கள் கல்லூரியில் நடப்பதற்கு மட்டும் இல்லை. எல்.எஸ்.இ. என்று எல்லோரும் சொல்லும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், கிங்ஸ் காலேஜ், ரஸல் ஸ்கொயர் பக்கம் இருக்கும் சோயாஸ், இங்கெல்லாம் பருவம் முழுக்க சாயங்காலங்களில் கூட்டம் நடக்கும். பெரும்பாலும் இலவசம், யாரும் வரலாம். சிலவற்றுக்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்வார்கள்.

நான் வந்தது 2008 செப்டம்பரில், லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்த அதே மாதம். கடைகளில் ஆள் எடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். ஊரில் ஏஜென்ட் சேர்த்துவிட்ட கல்லூரி ஒரு சிக்கன் கடைக்கு மேலே இரண்டு மாடி, நூலகம் என்ற பெயரில் ஒரே ஒரு அலமாரி. அந்தக் காலத்தில் அப்படி நிறைய இருந்தன, பிறகு அரசு உரிமத்தைப் பிடுங்கியதும் வரிசையாக மூடினார்கள், எங்களுடையதும் அதில் போனது. கட்டிய ஃபீஸ் திரும்ப வரவே இல்லை. அறையில் மீட்டரில் காசு ஏற்றினால்தான் ஹீட்டர் ஓடும், அதற்கும் ஆளுக்கு ஆள் கணக்குப் பார்ப்பார்கள். சாயங்காலம் உட்கார ஒரு சூடான இடம் தேடித்தான் ஹோல்பர்ன் ஸ்டேஷனில் இறங்கி, கிங்ஸ்வே வழியாக நடந்து, எல்.எஸ்.இ. இருக்கும் ஹௌட்டன் தெருவுக்குப் போனேன். வாசலில் நின்றவர் எந்தக் கல்லூரி என்று கேட்கவில்லை. உள்ளே மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து, வங்கிகள் ஏன் விழுந்தன என்று அந்தத் துறையிலேயே தலை நரைத்த ஒருவர் சொல்லக் கேட்டேன். பணம் கட்டிய இடத்தில் கிடைக்காத படிப்பு காசில்லாமல் கிடைத்த இடம் அது. அம்பேத்கர் படித்த கல்லூரி என்பது கூட எனக்கு அப்போதுதான் தெரியும். 1916-இல் சேர்ந்து, பரோடா உதவித்தொகை முடிந்ததால் அடுத்த வருடமே ஊர் திரும்பி, விடாமல் 1920-இல் மறுபடி வந்து 1923-இல் டி.எஸ்சி. என்ற முனைவர் பட்டம் வாங்கிய மனிதர். அந்தத் தெருவில் நடக்கும்போது இன்றைக்கும் எனக்கு அவர் நினைப்பு வரும்.

நான் வந்த அந்த 2008 நவம்பரில் எலிசபெத் அரசி எல்.எஸ்.இ.யில் ஒரு புதுக் கட்டடத்தைத் திறக்க வந்தார். இவ்வளவு பெரிய சரிவை ஏன் ஒருத்தரும் முன்பே கவனிக்கவில்லை என்று அங்கிருந்த பொருளாதாரப் பேராசிரியர்களைக் கேட்டார். ஒரே வரி. அதற்குப் பதிலாக பிரிட்டிஷ் அகாடமி அறிஞர்கள் கூடி, அடுத்த வருடம் ஜூலையில் அரசிக்குக் கடிதம் எழுதினார்கள். கேள்வி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

நம் ஆட்களிடம் எனக்குக் கோபம் வருவதே இதில்தான். வீடு வாங்கி, பிள்ளைகளை கிராமர் ஸ்கூலில் சேர்த்து, இருபது வருடம் லண்டனில் இருந்தும் ஒரு கூட்டத்துக்குக் கூடப் போகாதவர்கள் எனக்கு நிறையத் தெரியும். உலக அரசியல் முழுக்க வாட்ஸ்அப்பில் வருகிறது அவர்களுக்கு. அபூர்வமாக ஒருவர் வந்தாலும் மைக் கையில் கிடைத்ததும் சிந்து சமவெளியில் ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசுவார். தலைமை தாங்குபவர் "உங்கள் கேள்வி என்ன" என்று இரண்டு தடவை கேட்ட பிறகும் கேள்வி வராது. அரங்கம் நெளியும். அதற்கடுத்து கை தூக்கும் நம் பையனுக்கு மைக் வராது, நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் இதைக் கவனியுங்கள். பின்வரிசையில் நண்பர்களோடு கும்பலாக உட்காராதீர்கள். நடைபாதை ஓரமாக, முன்னால் நாலைந்து வரிசைக்குள் உட்கார்ந்தால்தான் மைக் கொண்டுவருபவர் கண்ணில் படுவீர்கள். பேச்சு முடிந்த உடனே கையைத் தூக்குங்கள், முதல் சுற்றில் தயங்கும் கூட்டம் கடைசியில் மொத்தமாகத் தூக்கும். இன்னொரு விஷயம், பல கூட்டங்களில் மூன்று கேள்விகளைச் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் பதில் சொல்ல விடுவார்கள். பேச்சாளர் கெட்டிக்காரர் என்றால் சுலபமான இரண்டைப் பிடித்துக்கொண்டு உங்களுடையதை நழுவவிடுவார். பெயர், படிக்கும் இடம், ஒரே கேள்வி, முடிந்தால் அதில் ஒரு எண் அல்லது ஒரு தேதி. அப்படிக் கேட்டால் நழுவுவது கஷ்டம்.

இதை நான் கற்றுக்கொண்டது 2009-இல், ஓர் ஈழத்து அக்காவிடம். வன்னியில் கடைசிக்கட்டப் போர் நடந்த நேரம், பார்லிமென்ட் சதுக்கத்தில் தமிழர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். தெற்காசியா பற்றிய ஒரு கூட்டத்தில் பேசியவர், சிக்கியிருக்கும் மக்கள் 70,000 பேர் என்று இலங்கை அரசு சொன்ன கணக்கையே சொல்லிவிட்டுப் போனார். இந்த அக்கா எழுந்தார். வேலையிலிருந்து நேராக அங்கே வந்திருக்க வேண்டும், கோட்டுக்குக் கீழே சூப்பர் மார்க்கெட் யூனிஃபார்ம். குரல் நடுங்கியது. "அந்த 70,000 யார் எண்ணியது?" அவ்வளவுதான் கேட்டார், உட்கார்ந்துவிட்டார். அந்த மேடையில் இருந்தவரால் பதில் சொல்ல முடியவில்லை. போர் முடிந்து முகாம்களுக்குள் அடைக்கப்பட்டவர்கள் மட்டுமே 2,50,000-க்கு மேல் என்று பிறகு உலகத்துக்கே தெரிந்தது. அன்றைக்கு நான் தமிழ்நாட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது, அத்தனை பேர் இருந்தோம், அவர் ஒருவர்தான் எழுந்தார்.

விசா விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கங்களைப் பற்றி, இந்த ஊர் அரசாங்கம் உட்பட, கடுமையாகக் கேள்வி கேட்பது குற்றம் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2000-ஆம் வருடத்து பயங்கரவாதத் தடைச் சட்டப்படி தடைப் பட்டியல் ஒன்று இருக்கிறது, விடுதலைப் புலிகள் இயக்கம் 2001 முதல் அதில் இருக்கிறது. அப்படித் தடை செய்யப்பட்ட எந்த இயக்கத்துக்கும் ஆதரவு திரட்டிப் பேசுவதும், அதன் அடையாளத்தைப் பொது இடத்தில் ஏந்துவதும் வழக்கில் கொண்டுபோய் விடலாம். மாணவர் விசாவில் இருப்பவருக்கு வழக்கு என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் யாராவது ஒரு கொடியைக் கையில் கொடுத்தால், அது என்ன கொடி என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

அதே மாதிரி சின்ன வட்டக் கூட்டங்களில் சாத்தம் ஹவுஸ் விதி என்று அறிவிப்பார்கள். உலக அரசியலை ஆராயும் சாத்தம் ஹவுஸ் என்ற லண்டன் நிறுவனத்தில் 1927-இல் வந்த விதி. கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்பதை மட்டும் வெளியே சொல்லக்கூடாது. போட்டோ எடுத்துப் பெயரோடு இன்ஸ்டாவில் போட்டீர்கள் என்றால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள்.

எதிர்ப்பு பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் இருப்பார்கள். 2010 டிசம்பரில் அப்போதைய இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்ச ஆக்ஸ்ஃபோர்ட் யூனியன் என்ற மாணவர் விவாத மன்றத்தில் பேச வந்தபோது தமிழர் போராட்டத்துக்குப் பயந்து, பாதுகாப்புக் காரணம் சொல்லி, அந்தக் கூட்டத்தையே ரத்து செய்தார்கள். ஊரே கொண்டாடியது, என் அறையில் இருந்தவர்களும் கொண்டாடினார்கள். எனக்கு மட்டும் அந்த அக்காவை அவர் முன்னால் மைக்கோடு நிறுத்தியிருக்கலாமே என்று தோன்றியது, இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பார்ட் டைம் வேலை பற்றி ஒன்றே ஒன்று. பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான், அதைத் தாண்டாதீர்கள். கிடைத்தால் காலை ஷிஃப்ட் வாங்குங்கள், சாயங்காலம் ஆறு மணி உங்களுக்கு வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் ஓடாதீர்கள். பேச்சாளர் மேடைக்குக் கீழே பத்து நிமிடமாவது நிற்பார், மைக்கில் கேட்க முடியாததை அங்கே கேட்கலாம். பயோடேட்டாவை மட்டும் நீட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தவரோடும் பேசுங்கள். எனக்கு அப்படிப் பழக்கமானவர் ஒரு ஆங்கிலேயப் பாட்டி, ஓய்வு பெற்ற நர்ஸ். எல்லாக் கூட்டத்திலும் ஸ்பைரல் நோட்டோடு இருப்பார், தேதி போட்டு, கோடு கிழித்து எழுதுவார். "இந்தியாவிலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரிகிறது?" என்று என்னைக் கேட்டவர் இந்த ஊரில் முதலில் அவர்தான். கிரெஷாம் காலேஜைக் காட்டிக்கொடுத்ததும் அவரே. 1597-இலிருந்து இலவசமாகச் சொற்பொழிவு நடத்திவரும் இடம், மாணவர் சேர்க்கையும் கிடையாது பட்டமும் கிடையாது, பேச்சு மட்டும்தான். ஹோல்பர்னில் பார்னர்ட்ஸ் இன் ஹால் என்ற பழைய கூடத்தில் நடக்கும். சான்சரி லேன் ஸ்டேஷனில் இறங்குங்கள். கூடம் சின்னது, இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் முன்பதிவு செய்துவிட்டே போங்கள்.