பீரோவுக்குள் போன பயிற்சி

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் பிரிவின் மேற்பார்வையாளராக இருக்கிறேன். நிர்வாகமே செலவு செய்து என்னைக் குன்னூருக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்து ஏழு வாரம் ஆகிறது. கற்றதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியவில்லை. காற்று ஊதி இலையின் ஈரத்தைக் குறைக்கும் வாட்டுத் தொட்டியில் இலையை மெல்லியதாகப் பரப்பலாம் என்றால், "வாசலில் லாரி நிற்கிறது, உன் வகுப்பை அப்புறம் வைத்துக்கொள்" என்கிறார் மேலாளர். இருபது ஆண்டு அனுபவமுள்ள அண்ணன்மார் சிரிக்கிறார்கள். குறிப்பேடு வீட்டுப் பீரோவில் கிடக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், கோத்தகிரி

பதில்: அன்புத் தம்பி, முதலில் உங்கள் மேலாளர் பக்கம் கொஞ்சம் பேசிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோடை மழைக்குப் பிறகு பசுந்தேயிலை வந்து குவியும் நாட்களில், இறக்காத மூட்டைக்குள் இலை சூடேறிச் சிவந்துவிடும். அந்த நேரத்தில் மெல்லியதாகப் பரப்பு என்றால் மீதி இலையை எங்கே கொட்டுவது? அவர் உங்கள் படிப்பை மறுக்கவில்லை. இடம் இல்லை என்கிறார். நீங்கள் கேட்டது தொழிற்சாலை முழுவதற்குமான மாற்றம். யாராக இருந்தாலும் மறுத்திருப்பார்கள்.

ஒரே ஒரு தொட்டியைக் கேளுங்கள், அதுவும் பத்து நாளுக்கு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து வரத்து குறையும்போது நாலைந்து தொட்டிகள் சும்மா கிடக்குமே, அப்போது கேட்டால் மறுக்கக் காரணம் இருக்காது. ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் குறிப்பேடு செல்லரித்துவிடும். இடமே தேவைப்படாத ஒன்றை இந்த வாரமே தொடங்கலாம்.

ஒரு கிலோ பச்சை இலையை எடைபோட்டு வலைப்பையில் கட்டி, தொட்டியில் மற்ற இலையோடு வையுங்கள். காலையில் திரும்ப எடைபோடுங்கள். பறித்த இலையில் ஏறக்குறைய 78 விழுக்காடு தண்ணீர்; அதாவது ஒரு கிலோவில் வெறும் 220 கிராம்தான் இலைச் சத்து. சி.டி.சி. தூளுக்கு, அதாவது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் தூளுக்கு, ஈரம் 70 விழுக்காட்டுக்கு வர வேண்டுமானால், அந்த 220 கிராம் மொத்த எடையில் 30 விழுக்காடாக வேண்டும்; அப்போது பை ஏறக்குறைய 730 கிராம் காட்ட வேண்டும். 800 காட்டினால் வாட்டம் போதவில்லை, 650 காட்டினால் மிஞ்சிவிட்டது. மழையில் நனைந்து வந்த இலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மேலே ஒட்டிய தண்ணீரும் எடையில் சேர்ந்துவிடும். எடை சரியாக இருப்பதாலேயே வாட்டம் சரி என்றும் ஆகிவிடாது. சூடான காற்றை அவசரமாக ஊதி உலர்த்திய இலையில் மணம் எழ நேரம் கிடைத்திருக்காது. இது உங்கள் குறிப்பேட்டிலும் இருக்கும் என்று நம்புகிறேன்.

சிரிக்கும் அண்ணன்மாரிடம் இந்த எடையோடு போய்ப் பாடம் நடத்தாதீர்கள். எடைபோடுவதற்கு முன்பே அவர்களைக் கூப்பிட்டு, "அண்ணே, இன்றைக்கு எப்படி?" என்று கேளுங்கள். அவர்கள் ஒரு பிடி இலையைக் கசக்குவார்கள். பிடி உருண்டையாக நிற்கிறதா, காம்பு ஒடிகிறதா வளைகிறதா என்று பார்ப்பார்கள், முகர்ந்தும் பார்ப்பார்கள். சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு தராசு. பல நாள் கையும் தராசும் ஒத்துப்போகும், அதில் அவர்களுக்குப் பெருமைதான். ஒத்துப்போகாத அன்றைக்குத்தான் நீங்கள் குன்னூரில் கற்றது பேச்சுக்கு வரும், அதுவும் அவர்களே கேட்டு. இருபது ஆண்டு கைப்பழக்கத்தை மூன்று நாள் வகுப்பால் வெல்லப் பார்த்தீர்கள். சிரித்ததோடு விட்டார்களே!

சொல்லிக்கொடுக்கும் நேரம் வந்தால் ஒரு பழைய முறை இருக்கிறது. 1940-இல், போர்க்கால உற்பத்திக்காக அமெரிக்க அரசு தொடங்கிய தொழிலகப் பயிற்சித் திட்டத்தில் ஒரு சிறு அட்டை கொடுத்தார்கள்: கற்பவரைத் தயார்செய், செய்து காட்டு, அவரைச் செய்ய வை, பிறகு போய்ப் பார். நம் ஊர்ப் பயிற்சிகள் இரண்டாவதோடு மதிய உணவுக்குக் கலைந்துவிடுகின்றன. உங்களுக்கு நடந்ததும் அதுதான். நான்காவது படியைச் செய்ய யாரும் உங்களைத் தேடி வரவில்லை.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. இந்த இதழ் அலுவலக மேசைக்கும் போகட்டும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் பயிற்சியை அளக்க நான்கு கேள்விகளை வைத்தார்: பிடித்திருந்ததா, கற்றாரா, வேலையில் நடந்துகொள்வது மாறியதா, அதனால் பலன் வந்ததா. கடைசி நாள் நிரப்பித் தரும் தாள் முதல் கேள்வியை மட்டும் கேட்கிறது. சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் எழுதிவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம். அனுப்பியவர் ஏழு வாரத்தில் ஒருமுறையாவது "என்ன கற்றாய், எதைச் செய்து பார்க்கப்போகிறாய்?" என்று உங்களைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

கேட்கவில்லை என்பதால் நீங்களே போய்ச் சொல்லுங்கள், பத்து நாள் எடைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு. தனித் தொட்டி கிடைத்த பிறகு, அந்தத் தூளைத் தனியாக வைத்து, அதிலும் மற்ற தூளிலும் தனித்தனியாகத் தேநீர் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலாளரைக் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கோப்பை எதிலிருந்து வந்தது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டாம். குன்னூர் ஏலத்தில் வாரந்தோறும் விலை பார்ப்பவருக்கு உங்கள் பேச்சைவிட அந்தக் கோப்பை சீக்கிரம் புரியும். அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றால், அதையும் எழுதிவையுங்கள்.

வலைப்பைக்குக் கடை தேட வேண்டாம், பழைய கொசுவலைத் துணியே போதும். பைக்குள் இலையை அமுக்கித் திணித்துவிடாதீர்கள், காற்று புக வேண்டும்.