பூங்கா தென்னையில வெள்ளை ஈ, புல்தரையில காய்ஞ்ச திட்டு: மாசாமாசம் மருந்து அடிக்கணுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எங்களுக்கு பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு. எங்க ஏரியா பூங்காவையும் ஒட்டின விளையாட்டு கிரவுண்டையும் குடியிருக்கிறவங்களே சேர்ந்து பாத்துக்கறோம், விவசாயின்னு பொறுப்ப என் தலையில கட்டிட்டாங்க. தென்னையில வெள்ளை ஈ, கீழ இருக்கிற பெஞ்ச் எல்லாம் பிசுபிசுன்னு கருப்பாயிருக்குது. செம்பருத்தி வேலியில மாவுப்பூச்சி, புங்க மர இலை பூரா கொப்புளம், கிரவுண்ட் புல்லு திட்டுத்திட்டா காய்ஞ்சுபோச்சு. முன்னாடி இருந்த கான்ட்ராக்டர் மாசம் ஒருக்கா எல்லாத்துக்கும் சேத்து மோனோகுரோட்டோபாஸ் அடிச்சாராம். அதையே தொடரலாமா, இல்ல தென்னைக்கு அந்த மருந்த பையில ஊத்தி வேர்ல கட்டிடலாமா?

பதில்: வணக்கம் தம்பி. ரெண்டுமே வேண்டாம். மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு முக்கோணம் போட்ட கொடிய விஷ மருந்து, டப்பாவுலயே போட்டிருப்பான். முன்னாடி தோப்புல அடிச்சப்ப ஆளுகள உள்ள விடாம பூட்டி வச்சாங்க, பூங்காவுல காலையில அடிச்சா சாயங்காலம் புள்ளைக அதே புல்லுல உருண்டுட்டு அந்தக் கையோட முறுக்கு திங்கும். வேர்ல கட்டினா இன்னும் வம்பு, மருந்து இளநி வரைக்கும் ஏறிடும், பூங்கா தென்னையில எவன் எப்ப இளநி வெட்டுவான்னு யாருக்குத் தெரியும்.

இன்னொண்ணு, தோப்புல மகசூல் குறைஞ்சா நஷ்டம், அதனால பூச்சியக் கண்டதும் கை மருந்துக்குப் போகுது. பூங்காவுல யாரும் அறுவடை பண்ணப் போறதில்ல, நிழல் வேணும், பாக்க பச்சையா இருக்கணும், அவ்வளவுதான். நாலு இலை ஓட்டையா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். உங்க புங்க மரக் கொப்புளம் அந்தக் கணக்குதான், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் பண்ற வேலை, தமிழ்நாட்டுல நெறைய புங்க மரத்துல இருக்கும், மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கு ஒரு சொட்டு மருந்து கூட தேவையில்ல, யாராச்சும் புகார் சொன்னா இதச் சொல்லி அனுப்பிடுங்க.

இப்ப தென்னைக்கு வருவோம். இந்த சுருள் வெள்ளை ஈ இந்தியாவுல 2016ல உங்க பொள்ளாச்சி பக்கம்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா ஒரு வேலை செய்ங்க, கீழ் மட்டையில ஒரு கீத்த ஒடிச்சு திருப்பி, கையில லென்ஸ் வச்சு வெள்ளைச் சுருளுக்கு நடுவுல பாருங்க. ஈயோட குஞ்சு, கூட்டுப்புழு எல்லாம் வெளிர் மஞ்சளா இருக்கும், அதுல சிலது கருப்பா மாறி முதுகுல வட்டமா ஒரு ஓட்டை தெரிஞ்சா, ஈக்குஞ்சுக்குள்ள வளர்ந்து அதக் கொல்ற என்கார்சியா குளவி வேலையில இறங்கிடுச்சுன்னு அர்த்தம். அந்த ஓட்டை வழியாத்தான் குளவி வெளிய வந்திருக்குது, ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது அது. மாசாமாசம் விஷம் அடிச்சா முதல்ல சாகறது இந்தக் குளவிதான், ஈ மெழுகுக்குள்ள பத்திரமா உக்காந்துக்கும், அப்பறம் எப்படி குறையும் சொல்லுங்க. கருப்பே காணோம்னா ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துல குளவி கேட்டுப் பாருங்க, இல்லாட்டி குளவி நல்லா இருக்கிற தோப்புல இருந்து கீத்த வெட்டிட்டு வந்து உங்க மரத்துல சொருகி விடுங்க. பூங்காவுல கல்வாழை பாத்தி இருந்தா புடுங்கிடாதீங்க, குளவி பெருகறதுக்கு அது நல்ல இடம்.

கூடவே அஞ்சடி நீளம் ஒண்ணரை அடி அகலத்துக்கு மஞ்சள் பாலித்தீன் ஷீட்டுல விளக்கெண்ணெய் தடவி ஆறடி உசரத்துல கட்டுங்க, வாரம் ஒருக்கா தொடச்சு மறுபடி தடவணும், புள்ளைக ஓடற வழியில கட்டாதீங்க, சட்டையெல்லாம் எண்ணெயாகி அம்மாமாரு உங்களத்தான் திட்டுவாங்க. குட்டை மரத்துக்கு காலையில மட்டையோட அடிப்பக்கம் படற மாதிரி தண்ணிய வேகமா பீச்சுங்க. பெஞ்ச்ல இருக்கிற அந்தக் கருப்பு, ஈ கழிக்கிற தேன் மாதிரி கசிவுல வளர்ற பூஞ்சாணம், சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சா போயிடும்.

செம்பருத்தியில முதல்ல எறும்பப் பாருங்க, மாவுப்பூச்சிக்கு காவல்காரனே அதுதான். மோசமா இருக்கிற நுனிக் கிளைய கவாத்து பண்ணி சாக்குல போட்டு எரிச்சிடுங்க, அங்கங்க தூக்கிப் போட்டீங்கன்னா அடுத்த செடிக்கு ஏறிடும். மிச்சத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசல், பத்து லிட்டர் டேங்குக்கு அரை கிலோ வேப்பம் பருப்ப இடிச்சு ராத்திரி பூரா ஊற வச்சு வடிகட்டி கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சாயங்காலம் அடிங்க. அடிக்கறதுக்கு முன்னாடி கிளைய உத்துப் பாக்கணும், மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை இழை போர்த்திக்கிட்டு, ஆனா அத விட பெருசா, தொட்டா சுறுசுறுன்னு நகர்ற ஒண்ணு இருக்கும். அது கிரிப்டோலீமஸ் பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சியத்தான் திங்குது. நம்மாளுக இதையும் பூச்சின்னு நினைச்சு நசுக்கிடறாங்க. அது இருக்கிற செடிய விட்டுருங்க. 2008ல கோயமுத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு ஒண்ணு விடாம அழிச்சதே, அப்ப அடிக்காத மருந்தா, கடைசியில 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து கொண்டாந்த குளவிதான் அத அடக்குச்சு.

கிரவுண்ட் புல்லு விஷயத்துல அவசரப்படாதீங்க. காய்ஞ்ச திட்டச் சுத்தி கரும்பச்சையா வளையம் இருந்தா நாய் மூத்திரம், தண்ணி ஊத்தி கழுவினா போதும். கோல் போஸ்ட் முன்னாடி, நடக்கிற ஒத்தையடி வழியில மட்டும் காய்ஞ்சா மண்ணு இறுகிப்போச்சு, கடப்பாரையில குத்தி விட்டு மணலும் தொழு உரமும் தூவுங்க. புல்ல புடிச்சு இழுத்தா வேரே இல்லாம பாய் மாதிரி சுருண்டு வந்தா, மைனாக்கூட்டம் அதே இடத்தக் கிளறிக்கிட்டே இருந்தா, அது வேர்ப்புழு. அதுக்கு மெட்டாரைசியம்னு புழுவக் கொல்ற பூஞ்சாணம் இருக்குது, அந்தப் பாக்கெட்ட மக்கின உரத்துல கலந்து, மண்ணு ஈரமா இருக்கறப்ப சாயங்காலமா போட்டு லேசா தண்ணி விடணும். கோடை மழை பேஞ்ச உடனே ராத்திரி இந்தப் புழுவோட தாய் வண்டுக வேப்ப மரத்துல மொய்க்கும், கிளைய உலுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணியில போட்டுக் கொன்னா அடுத்த வருஷம் தொல்லை குறையும்.

வேப்பங்கொட்டையா இருந்தாலும் அடிக்கற அன்னிக்கு கேட்ட பூட்டி போர்டு வைங்க, பூ பூத்திருக்கிற செடிய விட்டுடுங்க, நாய்க்கு வச்ச தண்ணித் தொட்டிய கவுத்து வைங்க, எங்க எது அடிச்சோம்னு ஒரு நோட்டுல எழுதுங்க. கான்ட்ராக்டர் விட்டுட்டுப் போன பழைய பாட்டில் ஷெட்ல இருந்தா வேளாண்மை அலுவலர்கிட்ட பேசி ஒப்படைங்க, சாக்கடையில கொட்டிடாதீங்க.

இப்போதைக்கு காய்ஞ்ச திட்டோட ஓரத்துல ஒரு சதுர அடி அளவுக்கு நாலு எடத்துல தோண்டுங்க. குழிக்கு ஒண்ணு ரெண்டு புழுன்னா மூடிட்டு விட்டுருங்க, அதுக்கு மேல வளைஞ்சு வளைஞ்சு கெடந்துச்சுன்னா எண்ணி போட்டோவோட அனுப்புங்க, அப்பறம் மெட்டாரைசியம் எவ்வளவு வாங்கலாம்னு சொல்றேன்.