லுத்தரன் சபைகளில் இளையோருக்கு விசுவாசம் கற்பிக்கும் முறை யாழ்ப்பாணத்துச் சபைகளுக்குப் பயன்படுமா?

தங்கள் வாலிபர் ஐக்கியத்துக்கு ஏழு பேர்தான் வருகிறார்கள், பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன் சபைகளில் இளையோருக்கு விசுவாசம் கற்பிப்பதை ஒழுங்காகச் செய்கிறார்களாமே, அதில் எதையாவது இங்கே கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு என்று வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களிடம் ஐந்து. நத்தார் கரோலுக்கு மட்டும் இருபத்தைந்து பேர் வருவார்கள். அது ரோல்ஸுக்கும் இரவில் ஊர் சுற்றுவதற்கும் வரும் கூட்டம். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் லுத்தரன் இல்லை. போதகரும் இல்லை. அமெரிக்க மிஷன் வழிவந்த ஒரு சின்னச் சபையில், வலிகாமத்தில், பதினைந்து வருடமாக ஓய்வுநாள் பாடசாலையும் வாலிபர் ஐக்கியமும் பார்த்த ஒரு ஆசிரியர். இறையியல் படித்தவர்கள் பின்னூட்டத்தில் திருத்தினால் கோபப்பட மாட்டேன். ஆனால் 'ஐரோப்பாவின் லுத்தரன் நாடுகளில் கோயில்கள் எல்லாம் வெறுமையாகக் கிடக்கின்றன, அவர்களிடம் என்ன கற்பது' என்று எழுதப்போகிறவர்களுக்கு: தெரியும். நானே அந்த வெறும் வாங்குகளில் இருந்துவிட்டு வந்தவன்.

2018 மே மாதம் தங்கச்சியின் மகனுடைய திடப்படுத்தலுக்காக, அதாவது குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் ஆராதனைக்காக, நோர்வே போனேன். மருமகனுக்கு அப்போது பதினைந்து வயது. தங்கச்சி குடும்பம் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நோர்வே சபைக்குத்தான் போகிறது. அது லுத்தரன். அங்கே பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரைக்கும் ஒரு படிமுறை வைத்திருக்கிறார்கள். 2003-ல் அந்த நாட்டுப் பாராளுமன்றமே இதற்கு ஒரு திட்டம் நிறைவேற்றியது. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் மொத்தம் 315 மணித்தியாலம் விசுவாசக் கல்வி என்பது கணக்கு. பெரிதாகத் தெரியலாம். எங்கள் பிள்ளைகள் ஓ.எல். எடுப்பதற்குள் கணித ரியூசனில் மட்டும் இதைவிடக் கூடுதலாக இருந்திருப்பார்கள்.

நான்கு வயதில் கோயிலுக்குக் கூப்பிட்டு ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள். எட்டு வயதில் 'கோபுரத் துப்பறிவாளர்' என்று பெயர் வைத்து மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பதினொரு வயதில், நத்தாருக்கு முந்திய ஆயத்த காலம் தொடங்கும் வார இறுதியில், பிள்ளைகள் கோயிலுக்குள்ளேயே பாய் விரித்து இரவு தூங்குகிறார்கள். பதினைந்தில் திடப்படுத்தல், அதற்கு ஏறக்குறைய ஒரு பள்ளி ஆண்டு வகுப்பு. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை இந்தப் பிள்ளைகள் உண்டியல் பெட்டியோடு வீடு வீடாகப் போய் ஏழை நாடுகளுக்குக் காசு சேர்ப்பார்கள். இது 1967-லிருந்து நடக்கிறது. எங்கள் ஆச்சிமார் சமைக்கும்போது பிடியரிசி எடுத்து வைத்ததை மருமகனுக்குச் சொன்னேன். "அரிசியை ஏன் மாமா, காசு குடுக்கலாமே" என்றான். காசு இருந்தால்தானே ராசா.

திடப்படுத்தல் நாளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வெள்ளை அங்கி போட்டிருந்தார்கள். உள்ளே யார் எவ்வளவு விலைக்கு உடுத்தியிருக்கிறார்கள் என்று தெரியக்கூடாது என்பதற்காக வந்த வழக்கமாம். போதகர் தலையில் கை வைத்து ஜெபித்தார். அப்புறம் சாப்பாடு, அப்புறம் காசு உறை. உறை என்றால் சின்னக் காசு இல்லை. ஆராதனை முடிந்த இரவு மருமகனிடம் நேரடியாகவே கேட்டேன், இவ்வளவு பேரும் விசுவாசத்துக்காகவா செய்கிறார்கள் என்று. "கனபேர் காசுக்குத்தான் மாமா" என்றான். அவனுடைய வயதுப் பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேல்தான் கோயிலில் திடப்படுத்தல் எடுக்கிறார்கள், மற்றவர்களில் ஒரு பகுதியினர் மதம் சேராத ஒரு சடங்கு செய்து அதே மாதிரி விருந்து வைக்கிறார்கள் என்றும் அவன்தான் சொன்னான்.

"அப்ப நீ?"

"எனக்கு முக்கால்வாசி விளங்கேல்லை. ஆனா விளங்கேல்லை எண்டு அங்க சொல்லலாம். போதகர் கோவிக்க மாட்டார்."

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2012-ல் எங்கள் ஐக்கியத்தில் பதினாறு வயதுப் பெடியன் ஒருவன் இருந்தான். வன்னியிலிருந்து தாயோடு வந்தவன். தகப்பனை 2009-க்குப் பிறகு காணவில்லை. அன்று நான் ஜெபத்தைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன், கேளுங்கள் அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும் என்ற வசனம். அவன் கை உயர்த்தி, அம்மா மூன்று வருடமாகக் கேட்கிறா, ஏன் சேர் குடுக்கப்படேல்லை என்று கேட்டான். சத்தமாகக் கூடக் கேட்கவில்லை. நான் சொன்ன பதில் இன்னும் என் காதில் கிடக்கிறது: "அது கர்த்தருடைய சித்தம் தம்பி, இப்படிக் கேள்வி கேட்கிறது விசுவாசம் இல்லாத வேலை." சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன். அடுத்த கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள்.

என்னை நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் நானும் அப்படித்தான் படித்தேன். பத்து வயதில் நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தில் நாற்பது வசனம் ஒப்புவித்து கொம்பாஸ் பெட்டி பரிசு வாங்கியவன் நான். அதில் ஒரு வசனத்தின் பொருளும் யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

லுத்தர் இதற்கென்றே எழுதியதுதான் சின்ன ஞானோபதேசம். 1528-ல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிச் சபைகளைப் பார்க்கப் போனபோது சனங்களுக்கு மட்டுமில்லை, பல போதகர்களுக்கே கர்த்தருடைய ஜெபம் சரியாகத் தெரியாமல் இருந்ததைக் கண்டு, அடுத்த வருடம் எழுதினார். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், நற்கருணை. வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்கும் விதமாக இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் கீழே ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: இதன் பொருள் என்ன?

இது எங்களுக்கு அந்நியமான சரக்கும் இல்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க்கை அனுப்பியது டென்மார்க் அரசர். அப்போது நோர்வேயும் அவருக்குக் கீழேதான். 1736-ல் அந்த ராச்சியத்தில் திடப்படுத்தலைச் சட்டமாக்கினார்கள். அடுத்த வருடம் வந்த ஞானோபதேச விளக்கப் புத்தகத்தில் 759 கேள்வி பதில். பிள்ளைகளைக் கோயிலில் மதிப்பெண் வரிசையில் நிற்கவிட்டுக் கேட்பார்களாம், கெட்டிக்காரன் முன்னுக்கு, மக்கு கடைசியில். அதாவது 'இதன் பொருள் என்ன' என்று தொடங்கியது அங்கேயும் ஒப்புவித்தலாகத்தான் போய் முடிந்தது. திரும்ப வெளியே வர அவர்களுக்கு இருநூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. கேள்வி பதில் வடிவம் என்றால் எங்கள் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடைதான். அவரோ இளமையில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்கியவர். யார் யாரிடம் எதை எடுத்தார்கள் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

சரி, நோர்வேயிலிருந்து வந்து இங்கே என்ன செய்தேன் என்பதுதானே உங்களுக்கு வேண்டும்.

முதலில் கோபுர விளையாட்டைச் செய்து பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய் மணி எப்படித் தொங்குகிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டினேன். சந்தோசத்தில் ஒருத்தி கயிற்றை இழுத்துவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. பின்னேரம் நாலு மணிக்கு இப்படி மணி அடித்தால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். பத்து நிமிடத்தில் ஒழுங்கைக்குள்ளிருந்து சனம் வந்துவிட்டது. ஒரு பெரியவர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, "ஆர் தம்பி மோசம் போனது?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது?

அடுத்தது கோயிலில் இரவு தங்குவது. 2019 ஆவணியில் வைப்போம் என்று சபையோடு பேசி வைத்திருந்தேன். அதற்குள் சித்திரை 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் வந்தன. அதற்குப் பிறகு பகல் ஆராதனைக்கே வாசலில் பொலிஸ் நின்று பைகளைத் திறந்து பார்த்தது, இரவுக்கு எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்? பிறகு கொரோனா. அந்தத் திட்டம் அப்படியே போயிற்று. நுளம்பையும் நான் கணக்கில் எடுக்கவில்லை என்பது வேறு கதை.

மிஞ்சியது அந்தச் சின்னப் புத்தகம்தான். திருச்சியில் அகதியாக இருந்து திரும்பி வந்த எங்கள் சபை அக்கா ஒருவரிடம் இருந்தது. அங்கே தமிழ் லுத்தரன் சபைக்கு, 1919-லிருந்து இருக்கும் சபை அது, போய் வந்த காலத்தில் கிடைத்ததாம். ஐந்து பிரதி எடுப்பதற்குச் சபைக் கூட்டத்தில் காசு கேட்டேன், நிதி இல்லை என்றார்கள். எங்கள் கோயிலில் பதினான்கு மின்விசிறி இருக்கிறது. ஒவ்வொன்றின் இதழிலும் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவருடைய அப்பா அம்மாவின் பெயர் எழுதியிருக்கிறது. விசிறியைப் போட்டால் பெயர் தெரியாது, போடாவிட்டால் வேர்க்கும். தரைக்கு மாபிள் பதிக்க ஒருவர், ஒலிபெருக்கிக்கு ஒருவர், கீபோட்டுக்கு ஒருவர். புத்தகத்தில் பெயர் பொறிக்க முடியாது என்பதாலோ என்னவோ, அதற்கு மட்டும் ஆள் இல்லை. சரி, இதை விடுவோம், இது நீங்கள் கேட்டதும் இல்லை. பிரதி நானே எடுத்தேன்.

2022 ஆடி மாதம். கரண்ட் இல்லை, காஸ் இல்லை, பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசை. ஐந்து பேரும் சைக்கிளில் வந்திருந்தார்கள். கீபோட் வேலை செய்யாது என்பதால் பாட்டும் இல்லை. ஆளுக்கொரு கொப்பி கொடுத்தேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று பலகையில் எழுதி, இதன் பொருள் என்ன, உங்களுக்கு வேண்டிய ஆகாரம் எது எது என்று எழுதுங்கள் என்றேன். லுத்தர் இந்த இடத்தில் சோற்றோடு நிற்கமாட்டார். உடுப்பு, செருப்பு, வீடு, வளவு, மாடு, நல்ல துணை, நல்ல ஆட்சி, நல்ல காலநிலை, சமாதானம், சுகம், நம்பத்தக்க அயலவர் என்று ஒரு பட்டியலே போடுவார். அதை நான் முதலில் காட்டவில்லை.

இருபது நிமிடம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வாசித்தார்கள். மீன்பிடிக்கிற வீட்டுப் பெடியன் முதல் வரியில் மண்ணெண்ணெய் என்று எழுதியிருந்தான். தகப்பன் கடலுக்குப் போய் மூன்று கிழமை. (அடுத்த மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340-க்குப் போனது வேறு.) ஒருத்தி 'காணி' என்று மட்டும் எழுதியிருந்தாள். 1990-ல் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போன அம்மம்மாவின் காணி. ஒருவன் 'விசா' என்று எழுதிவிட்டு வெட்கத்தில் வெட்டியிருந்தான். ஏ.எல். எடுக்கிற பிள்ளை 'அப்பா குடிக்காத ஒரு நாள்' என்று வாசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் வசனம் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. பிறகு லுத்தரின் பட்டியலை வாசித்தேன். 'நல்ல ஆட்சி' வந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அரகலய என்ற அரச எதிர்ப்புப் போராட்டச் சனம் சனாதிபதி மாளிகைக்குள் போன கிழமை அது.

கூட்டம் அதிகரித்ததா என்றால், இல்லை. ஐந்து ஏழானது, இரண்டு பேர் வெளிநாடு போக மறுபடி ஐந்து. எண்ணிக்கைக்காக இதைச் செய்ய நினைத்தால் வேண்டாம், கிரிக்கெட் போட்டி வையுங்கள்.

போன வருடம் கைபேசிக் கண்ணாடி மாற்றப் போன கடையில் அந்த 2012-ம் ஆண்டுப் பெடியன் நின்றான். இப்போது கடையே அவனுடையதுதான். "சேர், இருங்கோ" என்று கதிரை போட்டான். தகப்பனைப் பற்றி ஒன்றும் தெரியவரவில்லை, தாய் இன்னும் படத்தோடு போராட்டத்துக்குப் போகிறாவாம். அன்றைக்கு நான் சொன்னது பிழை, அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது என்றேன். அவன் கண்ணாடியை ஒட்டிக்கொண்டே, "எனக்கும் தெரியும் சேர், உங்களுக்குத் தெரியாது எண்டு" என்றான். காசு வாங்க மறுத்தான். கட்டாயப்படுத்தி வைத்துவிட்டு வந்தேன். கோயிலுக்கு அவன் வருவதில்லை. நானும் கூப்பிடவில்லை.

உங்கள் ஏழு பேரோடு அந்த ஆகார விண்ணப்பத்திலிருந்தே தொடங்குங்கள், பத்துக் கட்டளை பிறகு பார்க்கலாம். கொப்பியும் பிளேன்ரீயும் போதும். சின்ன ஞானோபதேசம் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என்னிடம் இருப்பதைப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஓரங்களில் என் கிறுக்கல் இருக்கும்.